ரெண்டு தபா சாரி

நான் ஆங்கிலத்தோடு முதன்முதலில் சண்டைக்குப் போனது டை என்ற சொல்லால்தான். கழுத்தில் கட்டுவதும் டை, நரைத்த தலையில் பூசுவதும் டை, செத்துப் போவதும் டை. எழுதிக் காட்டினால் மூன்றும் வேறுவேறாம். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று ஒரு மொழி இருக்கலாமா? தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அம்மாவின் தம்பி எனக்கு மாமா. என் அப்பா அவருக்கு மாமா. கல்யாணமான பிறகு என் மாமனாரும் எனக்கு மாமா. ஆனாலும் எங்கள் மாமாக்களால் ஒரு சாவுச் செய்தி பரவியதில்லை. டையால் பரவியது.

ஆரணியில் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். கொதிக்கிற கொப்பரைக்கு மேல் மூங்கில் கழியில் நூலை மாட்டிப் புரட்டிக்கொண்டே இருப்பார். அவர் முழங்கை என்ன நிறத்தில் இருக்கிறதோ, அதுதான் அந்த வாரம் ஊரில் ஓடுகிற நிறம். வியாபாரிகள் சாயம் போடுவதை ‘டையிங்’ என்பார்கள். அந்தச் சொல் எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி புழங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த இங்கிலீஷ் டீச்சர் ஒவ்வொருவரிடமும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, நான் எழுந்து நின்று கணீரென்று சொன்னேன்: “மை ஃபாதர் இஸ் டையிங், மிஸ்.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை முன் பெஞ்சில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தார். மதியம் அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். எதற்கென்று தெரியாவிட்டாலும் நான் முட்டையை வேண்டாமென்று சொல்கிற ஜாதி இல்லை. அடுத்த வாரம் கடைத்தெருவில் அப்பா கல்லு மாதிரி சைக்கிளில் போவதை டீச்சர் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றோடு முட்டை நின்றுபோனது.

ஒலி ஒன்றுதான், பொருள்தான் வேறு என்று அன்று கற்றுக்கொண்டேன். எழுத்தும் வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பின்னால் வந்த பேஜார் வந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இங்கிலீஷ் போர்டு பைத்தியம் பிடித்தது. எதிர்ப் பட்டறைக்காரர் வைத்துவிட்டார் என்றதும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷுக்கு ஒரே அதாரிட்டி பெங்களூர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அங்கே ஒரு ஃபேக்டரியில் வேலை. அவர் இங்கிலீஷ் பேப்பரை அகல விரித்துப் படிக்கிற அழகைப் பார்த்தே அப்பா பாதி மயங்கியிருந்தார். பொங்கலுக்கு வந்த மாமா ஒரு சீட்டில் ‘சில்க் டையிங்’ என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பெயிண்டர் அதை மஞ்சளும் சிவப்புமாகப் போர்டில் ஏற்றினார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம்.

பல மாதம் கழித்து, கல்யாணப் புடவை எடுக்கப் பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் போர்டைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பையிலிருந்து கேமராவை எடுத்தார். போர்டின் அழகில்தான் மயங்கிவிட்டார் என்று நினைத்த அப்பா, நீலக் கையைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் விறைப்பாக நின்று போஸ் கொடுத்தார். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. நான் அப்போது டைப்ரைட்டிங் லோயர் கிரேடு படித்துக்கொண்டிருந்தேன். போர்டில் இருந்ததை அப்படியே தாளில் அடித்து இன்ஸ்டிடியூட் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டையிங்குக்கு நடுவில் ஒரு ஈ விட்டுப்போயிருக்கிறது என்றார். ஈ இருந்தால் சாயம் போடுவது. ஈ இல்லையென்றால் செத்துக்கொண்டிருப்பது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். “அப்பா, போர்டுல ஒரு ஈ இல்லப்பா.”

“பட்டற பூரா ஈ மொய்ச்சிகினு கெடக்குது. போர்டுல ஒண்ணு இல்லன்னா இன்னா இப்போ?”

“அந்த ஈ இல்லப்பா. இங்கிலீஷ் ஈ. அது இல்லன்னா ‘பட்டு செத்துகினு இருக்கிற எடம்’னு அர்த்தமாம்.”

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. எங்கள் பட்டறையில் தோய்வதில் பாதி கல்யாணப் புடவைக்கான நூல். தாலி கட்டும் நேரத்தில் பெண்கள் உடுத்துகிற நிறத்தை ஆக்குகிற வாசலில், கற்பூரம் காட்டி, சாவு என்று எழுதி மாட்டியிருக்கிறோம். எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு வெளியே கிளம்பும்போது யாராவது தும்மினாலே மறுபடி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

அப்பா விறுவிறுவென்று எதிர்ச் சாரியில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். அந்தக் கண்ணாடிக் கதவு என்றைக்குமே மூடாது. மாமா தப்பை ஒப்புக்கொண்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவரோ, “ரெண்டும் ஒரே சவுண்டுதானே மாமா, இங்க எல்லாம் இப்படித்தான் எழுதறாங்க” என்று அடித்துப் பேசினார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “நீயெல்லாம் படிச்சவனாடா? என் தொழிலுக்கே சாவு எழுதி வெச்சிட்டு வியாக்கியானம் வேற பேசறியா? இனிமே என் வாசப்படிய மிதிக்காத!” இன்னும் சிலதும் சொன்னார். அவற்றை எழுதினால் அம்மா இப்போதும் வருத்தப்படுவாள். தெருவே தறியை நிறுத்திவிட்டுக் கேட்டது.

போர்டை அன்றே இறக்கித் தமிழில் எழுதி மாட்டிவிட்டார். மனதில் மாட்டியதைத்தான் இறக்க முடியவில்லை. தீபாவளிக்கு மாமா வரவில்லை, அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. அம்மா ஒன்றும் பேசமாட்டாள். குழம்பில் உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்பாவும் அதைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று, மாப்பிள்ளைக்கு வந்தவாசி. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன்தான். எனக்கு இருப்பது ஒரே மாமா. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர் அவர். அவர் இல்லாமல் மணவறைக்குப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது. முதலில் அழுதேன், பிறகு கோபம் வந்தது. ஒரு எழுத்துக்காக இரண்டு ஆம்பிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்பார்களா?

நின்றார்கள். அம்மா பூத்திலிருந்து ரகசியமாகத் தம்பியிடம் பேசினாள். “மாமா வந்து வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டா வரேன்க்கா” என்றார் அவர். முறையும் அதுதான், நேரில் போய் அழைக்காமல் தாய்மாமன் வரக் கூடாது. அப்பாவோ, “தப்பு பண்ணவன் மொதல்ல பேசட்டும்” என்றார். பத்திரிகை அச்சடித்து வந்தது. மாமாவுக்குரிய பத்திரிகை மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் அப்படியே கிடந்தது.

ஒருநாள் காலையில் பூத்துக்கார அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றார். “அண்ணா, உங்க மச்சான் பெங்களூர்லேருந்து லைன்ல இருக்காருங்க. ஜல்தி வாங்க.”

அப்பா கொப்பரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கை வேலையா கீது. இன்னா சேதின்னு கேட்டுகினு வாம்மா.”

அக்கா போய்விட்டுத் திரும்பி வந்தார். “சாரி சொன்னாருங்க.”

எனக்குப் பக்கென்றது. மாமாவா? மன்னிப்பு என்ற சொல் எங்கள் குடும்பத்து ஆண்களுக்குத் தொண்டைக்கு மேலே வராது. அதற்காகத்தான் கடவுள் அவர்களுக்கு ‘சாரி’யைக் கொடுத்திருக்கிறார். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. வெளியூர்க் கடைக்காரர்கள் நாள் முழுக்க அந்தப் பூத்துக்கு ஃபோன் போட்டுப் புடவை கேட்பார்கள். ‘சென்னைக் கடையில சாரி சொல்லியிருக்காங்க’ என்று அக்கா தினமும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவார்.

அப்பா கழியில் இருந்த நூலை ஒரு முறை மெதுவாகப் புரட்டிவிட்டார். பிறகு, “இன்னா கலராம்?” என்றார்.

“கலரெல்லாம் சொல்லலைங்களே. சாரின்னு மட்டும் சொன்னாரு. ரெண்டு தபா சொன்னாரு.”

“சரி, ரெண்டு சாரி.”

அது புடவை இல்லை என்று சொல்ல என் வாய்வரை வந்துவிட்டது. வெளியே ஓடிவந்த அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “கல்யாணத்துக்குச் சீர் வைக்கத்தாங்க கேட்டிருப்பான்! மாமா கையால சாயம் போட்டதுதான் வேணும்னு நெனச்சிருப்பான்!” என்று அவள் அவசர அவசரமாகச் சொன்னதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். விளக்கம் சொல்லியிருந்தால், ‘ஃபோன்ல சொன்னா ஆச்சா’ என்று அப்பா மறுபடி முறுக்கிக்கொள்வார். புடவை என்றால் அது தொழில். தொழில் என்றால் அவர் அசைவார்.

அசைந்தார். பத்து விரலும் சிவக்கச் சிவக்க ஒரு அரக்கு, ஒரு மாம்பழ மஞ்சள். வெயிலில் காயும் நூலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், திருப்தியாகவில்லை என்று அரக்கை மறுபடி தோய்த்தார். பக்கத்துத் தெரு நெசவுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தினம் போய் அவர் உயிரை வாங்கினார். புடவைகள் வந்ததும், சாமி படத்துக்கு முன்னால் கிடந்த பத்திரிகையைத் தானே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பெங்களூரில் போர்டு படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டார். இங்கிலீஷ் போர்டு என்றாலே அவருக்கு அப்போது ஒரு பயம்.

மாமா பனியனோடு கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அப்பா உள்ளே போய் உட்கார்ந்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து, அதன்மேல் இரண்டு புடவைகளையும் வைத்து நீட்டினார்.

“சாரி சொல்லியிருந்தியே மச்சான். ரெண்டும் கொண்டாந்திருக்கேன்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்த காலண்டரை மிகவும் அக்கறையாகப் பார்த்தேன். மாமா ஒன்றும் மட்டி இல்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “ஆமா மாமா, நான்தான் சொன்னேன்” என்றார். “அந்த போர்டு விஷயத்துல நான்...” என்று ஆரம்பித்தவரை அப்பா முடிக்க விடவில்லை. “மொதல்ல கலர் புடிச்சிருக்குதா பாரு.” அத்தை கொண்டுவந்த காபி ஆறிப்போகும்வரை இருவரும் அந்த அரக்கையே புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது வேலூரில் பஸ் மாறினோம். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

“அப்பா, மாமா கேட்டது பொடவ இல்லப்பா. அவர் சொன்னது வேற சாரி.”

அப்பா வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே, “தெரியும்” என்றார்.

“தெரியுமா!”

“டவுன் பஸ்ல கால மிதிச்சிட்டு தெனம் ஒருத்தன் சாரின்றான். எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏம்பா கலர் கேட்ட?”

“அவன் ரெண்டு தபா சொல்லிட்டான். நான் அவன இன்னா பேச்சு பேசினேன்னு தெருவுக்கே தெரியும். நானும் சொல்லணும் இல்ல? எனக்கு வாயில வரலம்மா. அதான் கெட்டிச் சாயமா போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன்” என்றவர், கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

கல்யாணத்தன்று அந்த அரக்குப் புடவையைத் தாய்மாமன் சீராக வைத்தார் மாமா. மாலை போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மணமகள் அறையிலிருந்து கிளம்பினார். மண்டபத்தில் நடைபாதையே தெரியாத கூட்டம். நாற்காலிகளுக்கு நடுவில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரும் நகரவில்லை. அப்போது மணவறைப் பக்கத்திலிருந்து, அன்று பூத்தில் தெருவே தறியை நிறுத்திக் கேட்ட அதே குரலில், அதே சத்தத்தில் அப்பா கத்தினார்:

“வழி வுடுங்க! எல்லாரும் வழி வுடுங்க! என் மச்சான் வராரு!”