இறுகிய கதவு

“நாளைக்கு ஏறித் தள்ளிடுறேன்” என்று சொல்லிச் சொல்லியே கூரையில் பனியை வளரவிட்டான் கெங்கோ. காலையில் மனைவி சுமியோ திட்டித் தீர்த்ததும், உள்ளறைக்குப் போய் இழுகதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான். பசித்து வெளியே வரப் பார்த்தால் கதவு அசையவில்லை. ஜன்னலையும் பனி மூடியிருந்தது.

“ஏய், என்னைப் பூட்டிட்டியாடி?”

சுமியோ சட்டென்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஜப்பானின் அந்த எச்சிகோ மலையூரில் இழுகதவு இறுகினால், மேலே பாரம் தாங்காமல் உத்தரம் வளைந்து கதவை அழுத்துகிறது என்று அர்த்தம்.

“சுவரை ஒட்டி உக்காருய்யா. கதவை உலுக்காதே!”

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கூரைக்கு ஏறினாள். மறுமுனையைப் பக்கத்து வீட்டு தோயோ பிடித்துக்கொண்டாள். கால் வழுக்காதபடி அடியில் ஒரு சாண் பனியை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் வெட்டி வெட்டிக் கீழே தள்ளினாள்.

இறங்கி, பின்வாசல் வழியாக உள்ளே வந்து கதவில் ஒற்றை விரலை வைத்தாள். சறுக்கிக்கொண்டு திறந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

“பாத்தியா, உள்ளேயிருந்து நான் தள்ளின தள்ளுல திறந்துடுச்சு” என்றான் கெங்கோ.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பனி வாரும் பலகையை அவன் கையில் திணித்தாள்.

“அவ்வளவு பலமா உனக்கு? கூரையில இருந்தது மொத்தமும் இப்ப வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. போய்த் தள்ளுய்யா!”