மே மாதத்து அடிக்குரல்

அண்ணாதுரை பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கும். அப்படி ஓர் அடிக்குரல். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வழியில் நிற்பவர்களை விலக்க ஹாரனை அவர் தொட்டதே இல்லை.

அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கும் செல்வின், நாகர்கோவில்காரர். படப்பையில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாத ஞாயிறு மாலைகளில் ஆர்கன் இசையும் கூட்டுப்பாடலுமாகக் கச்சேரி நடத்த அவர் ஏற்பாடு செய்தார். நோட்டீஸ் அடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பள்ளி விடுமுறை விட்டதும் பாடகர்களில் பாதிப் பேர் தெற்கே சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். அடிக்குரலுக்கு ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை.

அந்தக் கவலையோடு கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் காதில், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துமா" என்ற குரல் விழுந்தது. தட்டோடு எழுந்து அண்ணாதுரையிடம் வந்தார்.

"அண்ணாச்சி, எங்க கொயர்ல பாட வாறீயளா?"

"நானா? இன்னா சார், வெளாட்றீங்களா? என் பாட்டக் கேட்டா எங்க வூட்டு ஆடுகூட கயித்த அறுத்துக்கினு ஓடும்."

ஆனாலும் போனார். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். செல்வின் இரண்டு கைகளாலும் இரண்டு வரிசைக் கட்டைகளை வாசித்தபடி, கீழே கால்களாலும் கட்டைகளை மிதித்து வாசித்தார். அண்ணாதுரைக்கு அது பிடித்துப்போயிற்று.

"நம்ம வண்டி ஓட்டற மாதிரியே கீது சார்!"

அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. செல்வின் வாசித்துக் காட்ட, கேட்டுக் கேட்டுப் பாடிப் பழகினார். தம்பி நாகப்பனுக்குத்தான் சந்தேகம். "இன்னாண்ணே, மதம் மாறிட்டியா?"

"பாடறதுக்குப் போறன்டா. ஆடி மாசம் தீ மிதிக்க மொத ஆளா நான்தான் நிப்பேன்."

முதல் கச்சேரியில் விபரீதம் நடந்தது. பாட்டின் நடுவே எல்லோரும் நிறுத்த, ஆர்கன் மட்டும் சிறிது நேரம் ஒலிக்க வேண்டும். படபடப்பில் அண்ணாதுரை முந்திக்கொண்டார். அவர் குரல் மட்டும் தனியாகக் கூரையில் போய் மோதியது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

மறுநாளிலிருந்து அண்ணாதுரை கேன்டீனில் செல்வின் கண்ணில் படாமல் சாப்பிட்டார். பயிற்சிக்குக் கூப்பிட்டால், "ஓவர்டைம் கீது சார்" என்றார்.

கச்சேரிக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சின்னப்பொண்ணு அந்த வாரம் ஒரு நாள் காலையில் சோறு போடும்போது கேட்டாள்.

"இன்னாய்யா, பாட்டுக்குப் போலியா?"

"மானம் போச்சு. இனிமே போவமாட்டேன்."

"எனுக்கு அந்த எடந்தான் புடிச்சிது. மத்ததுல யார் கொரலு எதுன்னே தெரில. நீ தனியா பாடுனப்பதான், இது எங்க ஆளுன்னு பக்கத்துல இருந்த அம்மாகிட்ட சொன்னேன்."

அண்ணாதுரை சோற்றில் கை வைத்தபடி அவளையே பார்த்தார். கல்யாணமான நாள் முதல் அவர் குரலைப் பற்றி அவள் சொன்னதெல்லாம், 'மெல்லப் பேசு' என்பது மட்டும்தான்.

அன்று மாலையே படப்பைக்கு ஷேர் ஆட்டோ ஏறினார். "நான் தலைய ஆட்டுனதும் பாடுங்க அண்ணாச்சி, போதும்" என்றார் செல்வின். அடுத்த ஞாயிறு அண்ணாதுரை செல்வினின் தலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரியான இடத்தில் குரல் சேர்ந்தது. மற்றக் குரல்கள் எல்லாம் தன் குரல்மேல் வந்து உட்காருவது போல நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊருக்குப் போனவர்கள் ஜூனில் திரும்பினார்கள். தன் வேலை முடிந்தது என்று நினைத்தார் அண்ணாதுரை.

"அடுத்த மே மாசமும் அவங்க ஊருக்குப் போவாங்கள்லா?" என்று சிரித்தார் செல்வின்.

போனார்கள். இவர் பாடினார். இந்த வருடம் சின்னப்பொண்ணு தன்னோடு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரையும் திரட்டி வந்து முன்வரிசையை நிரப்பிவிட்டாள். பாட்டு முடிவதற்குள்ளேயே அவர்கள் கைதட்டினார்கள். யாரும் தடுக்கவில்லை. முடிந்ததும் சின்னப்பொண்ணு எழுந்து நின்றாள்.

"சார், இன்னொரு தபா பாடுங்க!"

பாடினார்கள்.