மானிட்டர் தாங்காத ரெசல்யூஷன்

இன்று கோவில்பட்டியில் எங்கள் டிடிபி கடைக்கு, தன் தீப்பெட்டி லேபிளைப் பார்க்கக் கழுகுமலையிலிருந்து ஆலைக்கார அண்ணாச்சி வந்திருந்தார்.

மயில் படம் முழுதாகத் தெரியட்டும் என்று, கம்ப்யூட்டரில் புதிதாகப் போட்ட டிஸ்ப்ளே டிரைவர் மென்பொருள் காட்டிய பட்டியலில் பெரிய ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்தேன். பழைய மானிட்டர் அதைத் தாங்காமல் இருண்டுவிட்டது. காலையிலிருந்து வரைந்ததை நான் சேமிக்கவே இல்லை.

"ஏம்மா, எம் மயிலு எங்கம்மா?"

"எதையும் தொட்டுறாதீங்க அண்ணாச்சி. இந்த அளவே இருக்கட்டுமான்னு கம்ப்யூட்டர் கேக்கும், நாம சரின்னு சொல்லலைன்னா அதுவே பழையபடி மாறிரும்" என்றேன்.

சற்று நேரத்தில் மயில் திரும்பி வந்தது. முதல் வேலையாகச் சேமித்தேன். அண்ணாச்சி சிரித்தார்.

"தாங்காதுன்னா அதை எதுக்கும்மா லிஸ்ட்ல காட்டுதான்? இல்லாத பலகாரத்தைப் போர்டுல எழுதுன ஓட்டல் மாதிரில்லா இருக்கு!"

டிரைவர் எழுதும் நண்பர்கள் யாராவது இருந்தால் அண்ணாச்சிக்குப் பதில் சொல்லுங்கள். நாளைக்கும் வருவார்.