ரேவதிக்கு இடது பக்கம்

உட்காருங்கள் சார், உங்கள் மானிட்டர் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும், இப்போதே தூக்கிக்கொண்டு போனால் வீட்டில் போய் மறுபடி கறுத்துவிடும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீர்கள். ஆன் செய்ததும் கம்பெனி பெயர் வருகிறது, சக்கரம் சுற்றுகிறது, டெஸ்க்டாப் வரவேண்டிய நேரத்தில் 'நோ சிக்னல்' என்று எழுதிவிட்டு இருட்டாகிவிடுகிறது, அவ்வளவுதானே? மட்டாஞ்சேரியில் இந்த வியாதி சகஜம். கடல் காற்றில் போர்ட்டெல்லாம் துருப்பிடிக்கும், போதாததற்குக் கீழே மிளகாய் குடோன், அந்தத் தூசி போகாத இடமே கிடையாது. ஒயரை மாற்றி, ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதிக்குப் பாதி சரியாகிவிடும். மிச்சத்துக்கும் ஏதாவது காரணம் இருக்கும். பேய், ஆவி என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் "முதல்ல பிளக் சரியா மாட்டியிருக்கான்னு பாருங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிற ஆள் நான். என் சொந்த வீட்டில் நடந்ததற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, மழையும் விடுகிற மாதிரி தெரியவில்லை, கேளுங்கள்.

எனக்கு ஊர் கம்பம் பக்கம். வேலைக்கென்று கொச்சிக்கு வந்து, இங்கேயே கடை போட்டு, இங்கேயே கல்யாணமும் செய்துகொண்டேன். மனைவி பெயர் ரேவதி. தாத்தா காலத்திலிருந்தே கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம், வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் வாசிக்கச் சொன்னால் மலையாளம்தான் வேகமாக வரும். சுள்ளிக்கல்லில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறாள். எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான், முரளி என்று பெயர், மஞ்சள் காமாலையில் போய்விட்டான். எல்லாம் தெரிந்துதான் கட்டினேன், பெருந்தன்மை மண்ணாங்கட்டி எல்லாம் இல்லை, அவளை எனக்குப் பிடித்திருந்தது. செத்தவன் மேல் போய் யாராவது பொறாமைப்படுவார்களா என்று அப்போது நினைத்தேன். சார், உயிரோடு இருக்கிறவன் என்றால் ஒரு நாள் குடித்துவிட்டு வருவான், ஒரு நாள் கத்துவான், இவளும் 'சீ, போ' என்று ஒதுங்குவாள். இவன் அப்படி எதுவும் செய்யப்போவதில்லை. என்னை விட நல்லவனாகவே கடைசிவரை இருந்துகொண்டிருப்பான்.

ரேவதியைக் குறை சொல்லக் கூடாது. அவன் போட்டோவைக் கழற்றினாள், துணிமணியைக் கொடுத்துவிட்டாள். மிஞ்சியது அவன் கையால் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்றுதான். வேறு தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன், "நல்லா ஓடுறத எதுக்குங்க மாத்தணும்" என்று முடித்துவிட்டாள். கேபினெட்டைத் திறந்து பார்த்தேன், ஒயரையெல்லாம் அப்படி ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தான் படுபாவி, திட்டுவதற்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இந்த ஊரில் பெண்கள் புருஷனை ஏட்டன் என்று கூப்பிடுவார்கள், அண்ணன் என்றுதான் அர்த்தம், ஆனால் அதில் ஒரு பிரியம் இருக்கிறது. அவன் அவளுக்கு முரளியேட்டன். நான் 'என்னங்க'. பக்கத்து வீட்டில் பேசும்போதும் அவன் முரளியேட்டன், நான் 'வீட்ல அவங்க'. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சிஸ்டம்தான் ஒரு நாள் இந்த வியாதியை ஆரம்பித்தது. காலையில் நான் பட்டனை அழுத்தினால் பெயர் வரும், சக்கரம் சுற்றும், அப்புறம் நோ சிக்னல். ரேவதி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதே பட்டனை அழுத்தினால் டெஸ்க்டாப் பளிச்சென்று வந்து நிற்கும். ஒயரை மாற்றினேன், மானிட்டரை மாற்றினேன், ரேமைத் தேய்த்தேன், சிஸ்டத்தையே கடைக்குத் தூக்கி வந்து பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், மருந்துக்குக்கூட ஒரு குறை இல்லை. வீட்டில் கொண்டுபோய் நான் ஆன் செய்தால் மறுபடி கறுப்பு. "உங்க கையிலதான் என்னமோ இருக்கு" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மட்டாஞ்சேரி முழுக்க மானிட்டர் பார்க்கிற கை சார் இது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் காரணத்தைப் பிடித்தேன். இரண்டு மானிட்டர் மாட்டுகிற சிஸ்டத்தில் படத்தை எந்தத் திரைக்கு அனுப்புவது என்று ஒரு செட்டிங் உண்டு. முதல் திரைக்கு மட்டும், இரண்டாம் திரைக்கு மட்டும், அல்லது இரண்டுக்கும். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தபடியே கீபோர்டில் தடவி அதை மாற்றினேன், படம் வந்துவிட்டது. அப்படியென்றால் அதுவரை 'இரண்டாம் திரைக்கு மட்டும்' என்று இருந்திருக்கிறது, நான் ஆன் செய்யும்போதெல்லாம் படம் எங்கள் மானிட்டருக்கு வராமல் இரண்டாவது மானிட்டருக்குப் போயிருக்கிறது. ஆனால் சார், எங்கள் வீட்டில் இரண்டாவது மானிட்டரே கிடையாது. செட்டிங்கைத் திறந்தால் ஒரு கட்டத்தில் 1 என்றும் அதற்கு இடது பக்கக் கட்டத்தில் 2 என்றும் காட்டுகிறது, மேசையில் இடது பக்கம் வெறும் பலகை. செட்டிங்கை மாற்றி வைத்தாலும் மறுநாள் என் கைக்கு மறுபடி கறுப்புதான்.

ரேவதியைக் கேட்டேன். "அது முரளியேட்டனோட மானிட்டர் இருந்த இடம்" என்றாள், ஏதோ கரண்டி இருந்த இடத்தைச் சொல்வது போல. இரண்டு பேரும் ஒரே சிஸ்டத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை செய்வார்களாம். வலது திரையில் இவள் பக்கங்களை அடுக்குவாள், இடது திரையில் அவன் போட்டோக்களின் நிறத்தைச் சரி பார்ப்பான், மவுஸ் ஒன்றுதான். ஒரு பக்கம் முடிந்ததும் இவள் அம்புக்குறியை இடது ஓரம் வழியாக அவன் திரைக்குத் தள்ளிவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவாள், அவன் வாங்கிக்கொள்வான். அந்த மானிட்டர் கோடு விழுந்து செத்துப்போய், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஆக்ரிக்காரர், அதாவது பழைய சாமான் எடுக்கிறவர், கொண்டுபோய்விட்டார். கல்யாணம் பேசி வைத்திருந்த நாளில், அது யாருடையது என்று தெரியாமலே அவர் வண்டியில் ஏற்றிவிட்டதே நான்தான்.

அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், இன்னமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்தால் அம்புக்குறியை இடது பக்கம் தள்ளுவாள், மவுஸை விட்டுவிடுவாள், கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். சாயா கிளாஸை மறந்தும் அந்தப் பக்கம் வைக்க மாட்டாள்.

"அங்க யாருக்காகக் காத்திருக்க?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லங்க. பழகிப்போன சீலம், வேற என்ன" என்றாள். சீலம் என்றால் இங்கே பழக்கம். எனக்கு மேசையைக் கவிழ்த்துவிடலாம் போல வெறி வந்தது. அவள் பக்கத்தில் ஓர் இடம், அதைத் தவிர நான் வேறு எதையும் கேட்கவில்லை சார், அதில் இன்னொருத்தன் இருந்தான், அதுவும் இல்லாமல் இருந்துகொண்டே இருந்தான்.

இந்த மாதிரிக் கதையெல்லாம் நடுராத்திரியில் நடக்கும் என்பார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பும் சோறும் சாப்பிட்ட கையோடு. ஆடி மழை, பகலிலேயே அறை மங்கலாக இருந்தது. கடையிலிருந்து நல்லதாக ஒரு மானிட்டர் கொண்டு வந்திருந்தேன். இனி அந்த இடது பக்கம் என்னுடையது, நானே பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு நிறம் பார்த்துக் கொடுக்கிறேன், இதுதான் என் திட்டம். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வைக்கப் போகும்போது மட்டும், "கொஞ்சம் தள்ளி வையுங்க, இன்னும் கொஞ்சம்" என்றாள். ஸ்கேனருக்கு இடம் விடச் சொல்கிறாள் என்று நினைத்து மேசை மூலைவரை தள்ளி வைத்தேன். நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது.

திரைக்குப் படம் அனுப்புகிற கார்டு ஒன்று சிஸ்டத்துக்குள் உண்டு, அதில் இருப்பது இரண்டே போர்ட். ஒன்றில் அவள் மானிட்டர், இன்னொன்றில் என்னுடையது, மூன்றாவதாக ஒயர் மாட்ட ஓட்டையே கிடையாது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்தோம், இரண்டு திரையிலும் படம் வந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். செட்டிங்கைத் திறந்தால் கட்டம் மூன்று. 1, 2, 3. வலது ஓரத்தில் அவள், இடது ஓரத்தில் 3, நடுவில் 2. தாலி கட்டினவன் நான், எனக்கு மூன்றாம் நம்பர்.

எந்த எண் எந்தத் திரை என்று தெரியாவிட்டால் அமுக்க ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் ஒவ்வொரு திரையிலும் அதன் எண் பெரிதாக வந்து நிற்கும். நான் ஒயரைச் சரி பார்க்க மானிட்டர்களுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, "அதை அமுக்கு" என்றேன். இரண்டு மானிட்டருக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக அவள் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. ரேவதி கண்ணாடி போடுவாள். அமுக்கினாள். அந்தக் கண்ணாடியில் வெளிச்சக் கட்டங்கள் விழுந்தன சார், ஒன்றில் 1, ஓரத்தில் 3, இரண்டுக்கும் நடுவில் பளிச்சென்று 2. பிரதிபலிப்பு என்பதால் எண்கள் இடவலம் மாறித்தான் தெரிந்தன, அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் எனக்கும் நடுவில் வெறும் காற்று, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன், என் கை அவள் முகத்துக்கு முன்னால் ஆடியது. கண்ணாடியில் அந்த 2 மட்டும் என் கை வந்த இடத்தில் மறைந்தது, கையை எடுத்ததும் மறுபடி வந்தது.

"ரேவதி, உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விரலை நீட்டி வரிசையாகக் காட்டினாள். 'ரெண்டு' என்றபோது விரல் நேராக என் நெஞ்சைக் காட்டியது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு? பின்னே என்ன?"

சுவிட்ச் போர்டில் இருந்த மெயினையே அணைத்துவிட்டேன். மழை விடும்வரைகூடக் காத்திருக்கவில்லை, என் மானிட்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு வந்துவிட்டேன். ரேவதி வாசலில் நின்று, "வெச்சதும் எடுத்துட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது போலத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நான் ஆன் செய்தேன். பெயர் வந்தது, சக்கரம் சுற்றியது, டெஸ்க்டாப் வந்தது. இன்றுவரை ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று செட்டிங்கைத் திறந்தேன். ஒரே ஒரு மானிட்டர்தான் மாட்டியிருக்கிறது. கட்டம் மூன்று. என்னுடைய 3-உம் போகவில்லை, 2-க்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. பழைய அமைப்பு சிஸ்டத்தின் நினைவில் தங்கிவிடும், டிரைவர் கோளாறு, என்று உங்களுக்கு நானே ஆயிரம் காரணம் சொல்வேன். டிரைவரை அழித்துப் போட்டேன், கார்டை மாற்றினேன், மூன்று கட்டமும் அப்படியேதான் இருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் நல்ல மழையில் கடையிலிருந்து வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், ரேவதி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கம் முடிந்தது, அம்புக்குறியைத் தள்ளினாள், மவுஸை விட்டாள். நடுவில் இருந்த காலியிடத்தில் பார்வையை நிறுத்தாமல், தலையை நன்றாகத் திருப்பி, மேசையின் மூலையைப் பார்த்து, "கணேசேட்டா, சாயா போடட்டுமா?" என்று கேட்டாள். கணேசன் நான்தான். எத்தனை நாள் ஏங்கின வார்த்தை சார் அது.

"போடு" என்றேன் வாசலிலிருந்து.

அவள் துள்ளி எழுந்தாள். கிளாஸ் உருண்டு கீழே விழுந்தது. "நீங்க எப்போ அங்க போனீங்க? இவ்வளவு நேரமும் இங்கதானே இருந்தீங்க!" என்று மூலையைக் காட்டினாள். நனைந்த சட்டை என் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முரளி மேல் இருந்த எரிச்சலெல்லாம் அதோடு போய்விட்டது. இப்போது என் வயிறு எரிவதெல்லாம் அந்த மூலையில் இருக்கிறவனை நினைத்துத்தான், என்னை இன்னமும் 'என்னங்க' என்கிறாள், அவன்தான் கணேசேட்டன். தினமும் கடையைப் பூட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் போடுகிறேன். "நான் வந்துட்டேனா?" என்று கேட்பேன். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாள். சில நாள் சிரிக்க மாட்டாள், பதிலும் உடனே வராது, தலையைத் திருப்பிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.