தண்ணீர் கேட்காத வண்டி

அமெரிக்காவில் மோஹாக் ஆற்றங்கரையில் கெல்டன் என்ற கார் செய்யும் தொழிற்சாலை இருந்தவரை ஓரின் வான் ஆல்ஸ்டைன் அங்கே எஞ்சின் பூட்டும் வேலை பார்த்தான். இருபத்திரண்டு வருஷம். எத்தனையோ எஞ்சின்கள் அவன் கைபட்டுப் போயின. சொந்தமாக ஒரு கெல்டன் மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை.

கெல்டனுக்குத் தண்ணீர் தேவையில்லை. எஞ்சினைக் காற்றே குளிர்வித்துவிடும். அந்த ஊர்க் குளிரில் மற்றவர்கள் நவம்பர் பிறந்ததும், தண்ணீர் உறையாமலிருக்க ரேடியேட்டரில் ஸ்பிரிட் கலந்து ஊற்றுவார்கள். அப்படியும் உறைந்து வெடித்த எஞ்சினைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்காருவார்கள். கெல்டன்காரனுக்கு அந்தக் கவலையே கிடையாது. பனியைத் தட்டிவிட்டு ஏறிப் போய்க்கொண்டே இருப்பான். இவ்வளவு நல்ல வண்டியை யார் வாங்கினார்கள் என்கிறீர்கள்? பிரசவத்துக்கு ஓடுகிற டாக்டர்கள் வாங்கினார்கள். ஊரில் பாக்கிப் பேர் ரேடியேட்டர் இல்லாத அந்தச் சரிந்த முகப்பைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

"என்னப்பா ஓரின், உங்க வண்டியும் உன்னை மாதிரியே தண்ணி போடாதாமே! அப்புறம் எவன் நம்பி வாங்குவான்?" என்பான் தீவனக் கடை டியூயி.

விற்பனையாளர்கள் கம்பெனியை நச்சரித்து, 1926 மாடலிலிருந்து ஒரு பொய் ரேடியேட்டரை வைக்கச் செய்தார்கள். வெறும் தகடு. அதன் உச்சியில் திறக்கவே திறக்காத ஒரு மூடி. ஓரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல பிள்ளைக்கு எதற்கு முகமூடி? மானத்தை விட்டதுதான் மிச்சம், வண்டி அப்படியும் விற்கவில்லை. முப்பத்துநாலில் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். ஓரின் பின்னலாடை ஆலையில் யந்திரங்களுக்கு எண்ணெய் போடப் போனான்.

அவன் ஆசையெல்லாம் ஒரே வண்டிமேல்தான். டாக்டர் லூமிஸின் 1924 கெல்டன். பொய் மூக்கு வைப்பதற்கு முந்தையது. யார் எஞ்சினைப் பூட்டினாரோ அவர் அதன் அடியில் தன் அடையாளத்தைத் தட்டி வைப்பது அங்கே வழக்கம். டாக்டர் வண்டியில் இருந்தது ஓரினின் பிறைக்குறி. "எனக்கப்புறம் இது உனக்குத்தான், ஹெஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

முப்பத்தொன்றில் டாக்டர் போய்விட்டார். அவர் மனைவி ஹெஸ்டர் வாய் திறக்கவில்லை, ஓரினும் கேட்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் வண்டியைக் கேட்பதா? ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது அவர்கள் கொட்டகை அருகே அவன் நடை தானாகத் தளரும். ஆறு வருஷம் அப்படியே போயிற்று. ஆலை இரைச்சலுக்கு நடுவிலும் அந்த எஞ்சின் சத்தம் அவன் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏக்கம் என்பதைத் தவிர வேறு வார்த்தையில் சொல்ல முடியாது.

முப்பத்தேழின் வசந்தத்தில் ஹெஸ்டரே ஆள் அனுப்பினாள்.

"உன்னை ரொம்பக் காக்க வெச்சுட்டேன் ஓரின். குடுக்க மனசு வரலைப்பா."

"அதனால என்ன டாக்டரம்மா."

"இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போ. ஒண்ணே ஒண்ணு, எனக்கு அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும். அவர் வீடு திரும்பறப்போ தெருமுனையிலயே கேக்கும். கேட்டதும் அடுப்புல சூப்பை ஏத்துவேன்."

அவள் காபி போட உள்ளே போனாள். கொட்டகையில் கட்டைகள்மேல் நின்ற வண்டியில் ஒரு தூசு இல்லை. ஓரின் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். அசையவில்லை. முழு பலத்தையும் போட்டான். ம்ஹூம். கீழே படுத்து, தட்டை வைத்து, எண்ணெய்த் தொட்டியின் திருகைக் கழற்றினான். எண்ணெய் வரவில்லை. துரு கலந்த தண்ணீர் கொட்டியது. ஸ்பிரிட் நெடி அடித்தது. தட்டை எடுத்துப் போய்க் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினான்.

ஹெஸ்டர் காபியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்தாள். முகத்தில் ஒரு பெருமை.

"ஒரு குளிர்காலம்கூடத் தவறவிடலை தெரியுமா? ஸ்பிரிட் ஊத்தலைன்னா எஞ்சின் வெடிச்சுடும்னு டியூயி கடையில பேசிக்கிட்டாங்க. முன்னால தண்ணி ஊத்தற மூடியே காணோம். உள்ள தேடினா ஒரு மூடிதான் இருந்துச்சு. நவம்பர் ஆனா நானே தண்ணியில கலந்து ஊத்திடுவேன். அவர் இருந்தா செஞ்சிருப்பாரே."

அது எண்ணெய் ஊற்றும் மூடி. டாக்டர் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஊற்றத் தேவையில்லை என்பதற்காகவே அவர் வாங்கிய வண்டி அது. ஓரினுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்த்தான், விழுங்கிக்கொண்டான்.

"ஓடுமா?"

"ஓடாதும்மா. வயசாயிடுச்சு. இதுக்கு இப்போ பாகமும் கிடைக்காது."

"நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

"சேச்சே. இதுக்கு மேல யாரால பாத்துக்க முடியும்?"

"அப்போ, நீ எடுத்துக்கலையா?"

துருவானாலும் எடுத்துப் போய்க் கட்டிக்கொண்டு உட்காரலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அவன் வீட்டில் அதைப் பிரித்தால், உள்ளே தண்ணீர் நின்ற துருவை நாலு பேர் பார்ப்பார்கள். டியூயி பார்த்தால் சிரிக்காமல் விடமாட்டான். அது அவள் காதுக்கு வர ஒரு வாரம் ஆகாது.

"இங்கயே இருக்கட்டும்மா."

ஹெஸ்டர் வண்டியின் முகப்பைத் தடவினாள். "சரி. அப்போ வர்ற நவம்பர்லயும் ஊத்தணும், இல்லையா?"

"ஆமாம்மா," என்றான் ஓரின். "நானே வந்து ஊத்தறேன்."