கதவில் ஒட்டிய சீட்டில் நான் வெட்டிய வரி

போன வருடம் ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஒரு சபை மண்டபத்தில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. ஆனாலும் கேட்காதவர்களிடம்கூட நானே வலியப் போய்ச் சொல்கிற கதையும் இதுதான்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம். சொந்த ஊர் நாகர்கோவில். பெங்களூரில் இருந்தபோது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பத்து வயது வரை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் சபையில் அப்படி ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. கணவருக்கு வால்டோர்ஃபில் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும், சட்டம். எனக்கு ஒரு மாதம் கை ஒடிந்த மாதிரி இருந்தது.

மிச்சம் இருந்தது பேச்சுப் பயிற்சி ஒன்றுதான். கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் அமெரிக்க ராணுவக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாததால் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து வருடா வருடம் பேச்சுப் போட்டியும் விவாதப் போட்டியும் நடத்துவார்கள். என் மகளைப் போல ஒரு காலத்தில் வீட்டில் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். சனிக்கிழமை காலையில் எங்கள் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை, நான்தான் டீச்சர். கொஞ்சம் கண்டிப்பான டீச்சர் என்று மகள் சொல்வாள். 'கொஞ்சம்' என்பது அவளுடைய தாராள மனசு.

பத்து நிமிடப் பேச்சு, ஆங்கிலத்தில். சொந்தமாக எழுதி மனப்பாடம் செய்திருக்க வேண்டும். மேடையில் கையில் தாள் இருக்கக் கூடாது. ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் ஒருவரையொருவர் தெரியாமல் வாழ்வது பற்றி அவள் எழுதினாள். அவளுக்கு அப்போது பதினாலு வயது. எழுத்து அவளுடையது, மசாலா மட்டும் என்னுடையது.

அந்த மசாலா என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கே மாடிப் படிக்கட்டைக் குடியிருப்பவர்களே வாரம் ஒரு வீடாக முறை போட்டுக் கழுவ வேண்டும், எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் குடிவந்த முதல் மாதம், கீழ்வீட்டு அம்மா எங்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். 'இந்த வாரம் படிக்கட்டு கழுவுவது உங்கள் முறை. நீங்கள் கழுவவில்லை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'எப்படி என்று தெரியாவிட்டால் என் மணியை அடியுங்கள், காட்டித் தருகிறேன்' என்று இன்னொரு வரி. மகள் இரண்டையும் எழுதியிருந்தாள். நான் இரண்டாவதை வெட்டினேன். முதல் வரியோடு நிறுத்தி, ஒரு நொடி சும்மா நின்றால் கூட்டம் சிரிக்கும். இரண்டாவதையும் சேர்த்தால் சிரிப்பு அமுங்கிப்போகும்.

"பொய் ஒண்ணும் சொல்லலியே மக்ளே, சுருக்கிச் சொல்றோம், அவ்வளவுதான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அந்த வரி இல்லாமலே மனப்பாடம் செய்துகொண்டாள்.

இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் அப்பா அம்மாதான். அது போக, ஒவ்வொரு குடும்பமும் இந்தப் போட்டிக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாள் ஒருவரையும் நடுவராகக் கூட்டி வர வேண்டும். எந்தச் சாதாரண மனுஷருக்கும் புரிகிற மாதிரி பேசப் பிள்ளைகள் பழக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆள் கொண்டுவராவிட்டால் பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள். கணவரின் ஆபீஸ் நண்பர் வருவதாக இருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குக் காய்ச்சல் என்று மெசேஜ் வந்தது. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் போன் போட்டுப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கீழே இறங்கி, மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த மணியை அடித்தேன்.

என் அரைகுறை ஜெர்மனில் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னுடையதைவிட நல்ல ஆங்கிலத்தில், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார். விமான நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற எனக்கு அன்றுதான் தெரியும்.

விஷயத்தைக் கேட்டதும் மகள் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அவங்க என் ஸ்பீச்சைக் கேட்டா?"

"எப்படிக் கேப்பாங்க? தெரிஞ்ச பிள்ளைக்கு ஜட்ஜா போட மாட்டாங்க, அது ரூல். அவங்க வேற ரூம்ல இருப்பாங்க" என்று அடித்துச் சொன்னேன். ரூல் சரிதான். ஆனால் ஃபைனலின்போது மற்ற அறைகளெல்லாம் காலியாகி, வேலை முடிந்த நடுவர்கள் அத்தனை பேரும் பெரிய மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடமாக முதல் சுற்றோடு வீடு திரும்பிய பிள்ளை ஃபைனலுக்கா போகப் போகிறது என்ற தைரியம்தான். பெற்ற தாய் இப்படி நினைக்கலாமா? நினைத்தேன்.

அன்று அவள் ஒவ்வொரு சுற்றிலும் வெளுத்துக் கட்டினாள். மூன்று மணிக்கு ஃபைனலுக்கென்று சுவரில் ஒட்டிய ஆறு பெயர்களில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கோடையில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். இரண்டு வருடமாக அவள் ஜெபத்தில் கேட்டது அதைத்தான். சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினால், கீழ்வீட்டு அம்மா கையில் காபியோடு மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்.

"அந்த சீட்டு மேட்டர மட்டும் விட்டுடு மக்ளே."

"அத எடுத்தா ஸ்பீச்சே இல்லம்மா. எல்லாமே அதுல இருந்துதான் வருது."

"அப்போ வேற ஏதோ வீட்ல நடந்ததுன்னு மாத்திச் சொல்லிடு."

அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாவது வரிசையில் அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் முறை வந்தது. நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஜெர்மனிக்கு வந்தது, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது, பிறகு அந்தச் சீட்டு. முதல் வரியைச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நிறுத்தினாள். மண்டபமே கொல்லென்று சிரித்தது. இரண்டாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மகள் அந்த ஒரு நொடி முடிந்த பிறகும் பேசவில்லை. நாலைந்து நொடி ஆனது. மறந்துவிட்டாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். பிறகு சொன்னாள்: "அந்தச் சீட்டில் இன்னொரு வரி இருந்தது. நீங்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக நான் அதை வெட்டிவிட்டேன்." அந்த வரியையும் சொன்னாள். "அந்த மணியை நாங்கள் மூன்று வருடமாக அடிக்கவில்லை. நேற்று அடித்தோம். அதுவும் எங்களுக்கு ஒரு உதவி தேவைப்பட்டதால்தான்."

'நான் வெட்டிவிட்டேன்' என்றாள். 'அம்மா' என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு மனப்பாடம் செய்த பேச்சு அவளுக்கு உதவவில்லை. மிச்சப் பேச்சு முழுவதும் மற்றவர்கள் எப்படிக் கதவைத் திறப்பதில்லை என்பது பற்றி. அதை இனி எப்படிச் சொல்வது? வார்த்தை தேடித் தடுமாறினாள், ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். கடைசியில், "இந்தப் பேச்சை நான் முதலிலிருந்து எழுத வேண்டும், நன்றி" என்று சொல்லித் தலை குனிந்து வணங்கினாள். இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. கைதட்டலும் கொஞ்சம் குழப்பமாகத்தான் வந்தது.

நாலாவது இடம். ஒரு இடத்தில் போனது. நடுவர் ஒருவர் மதிப்பெண் தாளில், நன்றாகத் தொடங்கி முடிவில் சிதறிவிட்டது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மகள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் நேரே அந்த அம்மாவிடம் போனேன். அந்த வரியை வெட்டியது அவள் இல்லை, நான் என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னப் பேச்சு பேச அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சீட்டை மூன்று தடவை எழுதினாராம். முதல் இரண்டும் இன்னும் மோசமாக இருந்ததால் கிழித்துப் போட்டாராம். "நல்லவேளை, அதில் ஒன்று உங்கள் கையில் கிடைக்கவில்லை" என்று சிரித்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார், பெரியவர்களுக்குக் குலுக்குவது போல. என் பக்கம் திரும்பி, படிக்கட்டின் மூலைகளை நான் இன்னமும் சரியாகத் துடைப்பதில்லை என்றார். உண்மைதான், துடைப்பதில்லை.

காரில் வரும்போது அவர்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து விமான நிலையக் கதைகள் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் வண்டி ஓட்டினேன். கண்ணாடியில் மகளின் முகம் அவ்வப்போது தெரியும். எனக்கு அப்போது அழுகை வந்தது. வருத்தத்தில் வந்த அழுகை இல்லை. இப்படி ஒரு பிள்ளையைக் கர்த்தர் எனக்குக் கொடுத்தாரே என்ற பெருமையில் வந்தது.

இந்த வருடம் அவள் கோப்பை வாங்கினாள், அது ஹாலில் இருக்கிறது. ஆனால் கைதட்டலுக்காக நான் வெட்டிய வரியை, பரிசு போனாலும் போகட்டும் என்று நாலு பேர் முன்னால் சேர்த்துச் சொல்லி, பழியையும் தன் மேல் போட்டுக்கொண்டவள் என் மகள் என்று சொல்லும்போதுதான் நெஞ்சு நிமிர்கிறது, அதே நேரம் முகம் தாழ்ந்தும் போகிறது.