மாலேக்குப் போன வாழைக்காய்

கூட்டம் என்றாலே எனக்குப் பிடிக்காது. அதிலும் ஏசி ஓட்டலில் நடக்கும் கூட்டம். ஆனால் அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நானே போனேன். வளரும் நாடுகள் பக்கத்து நாடுகளோடு பொருளாதாரத்தில் எப்படி ஒன்று சேருவது, அதில் புதுமை எப்படிச் செய்வது என்று பேசப்போவதாக அழைப்பில் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இங்கே பச்சையாக ஏற்றுகிற வாழைக்காய், மாலேயில் இறங்கும்போது ஏன் கறுத்து, காம்பு கழன்று கிடக்கிறது?

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவின் தலைநகரான மாலேக்குத் தோணி போகிறது. தோணி என்றதும் சின்னப் படகு என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் வைத்த மரக்கப்பல். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல் என்று எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டும். நான் வெங்காய வியாபாரி. மாலேயில் கடை வைத்திருக்கும் ஒருவருக்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் தன் அம்மாவை வைத்தியத்துக்குத் தமிழ்நாட்டுக்குக் கூட்டி வந்தபோது தமிழ் கற்றுக்கொண்டவர். ஒருநாள் வாட்ஸப்பில் பேசி அனுப்பினார்.

"அண்ணா, வெங்காயம் எல்லாரும் தருவாங்க. வாழை அனுப்பு. இங்க வர்ற பழம் பாக்க அழகு, வாயில வச்சா பேப்பர். நீ பச்சையா அனுப்பு, நான் பழுக்க வைக்கிறேன்."

வாழைக்கு நான் தாமிரபரணிக் கரையில் ஒரு விவசாயியைப் பிடித்தேன். என்னைவிட மூத்தவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். மண்டியில் விலை கேட்டு வெறுத்து, வெட்டிய தாரை மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தவர் அவர். "இந்த ஒரு போகம் பாக்கேன் தம்பி. மாலேக்காரரு எடுத்தா மறுபடி கன்னு வைப்பேன். இல்லேன்னா வயல எவனுக்காவது குடுத்துட்டு மவன் வீட்டுல போயி டிவி பாப்பேன்" என்றார். அவர் டிவி பார்க்கிற ஆள் இல்லை. வயல் போனால் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும்.

முதல் தோணிச் சரக்கு கூழாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. மாலேக்காரர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவ பாப்போம் அண்ணா. அதுவும் இப்படின்னா வெங்காயம் மட்டும் போதும்" என்றார்.

நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். எஞ்சின் சூடு என்றேன். அண்ணாச்சி காயை முற்ற விட்டு வெட்டிவிட்டார் என்றேன். என்னைக் குடைந்த விஷயம் வேறொன்று. இரண்டாவது தடவை அனுப்பியபோது ஒரு தாரை, நான் சரக்கு அடுக்கும் கிட்டங்கியிலேயே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். ஒரே தோட்டம், ஒரே நாள் வெட்டு. தோணியில் போனது கூழான செய்தி வந்தபோதும் கிட்டங்கித் தார் பச்சையாகவே இருந்தது. இது எப்படி? சாப்பிடும்போதும் அதே நினைப்பு. அதனால்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன்.

திரையில் தெற்காசிய வரைபடம் போட்டு, நாட்டுக்கு நாடு அம்புக்குறி விட்டிருந்தார்கள். அம்புக்குறியில் ஏறி எந்தச் சரக்கும் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் எழுந்து என் கேள்வியைக் கேட்டேன். முன்வரிசையில் ஒருவர், "குளிர்பெட்டியில அனுப்புங்க" என்றார். "அதுக்கு வாழைக்காய்க்குப் பதிலா தங்கத்தை அனுப்பலாம்" என்றேன். சிரித்தார்கள். மேடையில் பேசிய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டீ குடிக்கும்போது என்னைத் தேடி வந்தார்.

"ஏத்துற இடத்துல பழுத்தது எதுவும் இருக்குமா? ஒரு பழத்தார் போதும். அதுல இருந்து வர்ற வாயுவிலேயே மூடின அறையில உள்ள காய் எல்லாம் பழுத்துரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அரிசிப் பானைக்குள்ள காயோட ஒரு பழத்த வச்சு மூடுறது எங்க வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும்மா. எங்க சரக்குல ஒரு பழம் கிடையாது. நானே நின்னு ஏத்துறேன்."

"சரக்குல இல்ல, சரி. தோணியில?"

தோணியில் சரக்கைத் தவிர என்ன இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது தடவையும் அண்ணாச்சி லாரியில் கூடவே வந்தார். பச்சைத் தார்கள் தோணியின் கீழறைக்குள் இறங்கின. பிறகு அவர் தன் மடியில் வைத்திருந்த ஒன்றைத் துண்டோடு தூக்கித் தண்டலிடம் கொடுத்தார். தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். பழுத்து மணக்கிற ஒரு கதலித்தார். தன் வயலில் விளைந்தது கடல் தாண்டிப் போகும்போது, கொண்டுபோகிறவர்கள் வாய் இனிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அவர் கொடுப்பது. முந்தின இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். தண்டல் அதை மேல்தளத்தில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, கீழறைக்குள் உத்தரத்தில் தொங்கவிடக் கொண்டுபோனார். பச்சைத் தார்களுக்கு நேர் மேலே.

"யண்ணே, நில்லும். மாதா மேலதான இருக்கு, பழம் ஏன் கீழ போகுது?" என்று கத்தினேன்.

"மேல வச்சா இந்தப் பயலுவ ஒரே நாள்ல தின்னுருவானுவ."

"நீரு தின்னதுல மிச்சத்தத்தான நாங்க தின்னோம்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

கூட்டத்தில் அந்த அம்மா சொன்ன வாயு விஷயத்தைச் சொன்னேன். தண்டல் தலையைச் சொறிந்தார். அண்ணாச்சிக்குத்தான் முகம் செத்துவிட்டது.

"என் பழந்தான் என் காயக் கெடுத்துச்சுங்கியா?"

"ஆமா."

"ஏலே, பொறந்ததுல இருந்து வாழைக்குள்ள கெடக்கேன். பழத்தப் பக்கத்துல வச்சா காய் பழுக்கும்னு எனக்கு நீ சொல்லுதியா?"

"தெரியும்லா? பொறவு ஏன் குடுத்தீரு?"

அவர் தண்டல் கையிலிருந்த தாரைத் தடவினார். "அது சரக்கு இல்லலே. மரியாதை" என்றார்.

எனக்கு அதற்கு மேல் கத்த வரவில்லை. நானும்தான் அதைச் சரக்காக எண்ணவில்லை. அந்த அம்மா கேட்டபோதுகூட அது நினைவுக்கு வரவில்லை. கும்பிட்ட பொருளைக் கண் எண்ணுவதில்லை போலிருக்கிறது.

"பழம் வாங்காம கயிறு அவுக்க மாட்டோம், பாத்துக்கிடும்" என்றார் தண்டல்.

"வாங்கியாச்சுலா? இங்கனயே தின்னுட்டு அவும்" என்றேன்.

அப்படித்தான் நடந்தது. தோணிக்காரர்கள், மூட்டை ஏற்றியவர்கள், லாரி டிரைவர் எல்லாரும் துறைமுகத்து வெயிலில் நின்று தின்றார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு சீப்பாகப் பிய்த்து, யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்தார். மொட்டைக் காம்பைக் கடலில் எறிந்த பிறகுதான் தோணி கிளம்பியது.

மாலேயிலிருந்து சேதி வரும்வரை நான் அவருக்குப் போன் பண்ணவில்லை, அவரும் பண்ணவில்லை. முதலில் படம் வந்தது. கடையில் வரிசையாகத் தொங்கும் தார்கள், கிளிப்பச்சை. பின்னாலேயே குரல். "அண்ணா, கல்லு மாதிரி இருக்கு. ஒவ்வொரு தோணிக்கும் எடுக்கிறேன். சின்னதா, தோல் மெல்லிசா ஒண்ணு உண்டுல்ல, அதுவும் அனுப்பு."

அண்ணாச்சிக்குப் போன் போட்டு அந்தக் குரலைக் கேட்கவிட்டேன்.

"கதலியா கேக்கான்?" என்றார். "ஏலே, அது சீப்பு உதுருமே. கடல்ல எப்படித் தாங்கும்?"

"தெரியாது. ஒரு தார என் கிட்டங்கில போடும், ஒண்ணை உம்ம தொழுவத்துல போடும். எது உதுருதுன்னு பாப்போம்."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. கன்று தோண்டக் கடப்பாரையை எங்கே வைத்தாய் என்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தது கேட்டது.